பாடாமல் நின்ற மூன்று பிள்ளைகள்: கிடங்கூர் வழக்கும் பள்ளியின் குடிமைப் பாடமும்

பள்ளிக்கூடத்தில் அரசியல் கற்றுக்கொடுக்கலாமா கூடாதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் நாம் பாடத்திட்டத்தைத்தான் பிடித்துக்கொள்கிறோம். எந்த வகுப்பில் அரசியலமைப்பு, எத்தனை மதிப்பெண்ணுக்கு அடிப்படை உரிமைகள், தேர்தல் பற்றி ஒரு பாடம் போதுமா, இப்படி. நான் சமூக அறிவியல் ஆசிரியர். அந்தப் பாடங்களைத்தான் வருடாவருடம் நடத்துகிறேன், அவை வேண்டும் என்றும் உறுதியாக நம்புகிறேன். ஆனால் குடிமக்களாக இருப்பது எப்படி என்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் கற்றுக்கொள்வது காலை பிரேயர் வரிசையிலும் தலைமையாசிரியர் அறை வாசலிலும்தான். தங்களில் ஒருவர் கூட்டத்தோடு சேராமல் நிற்கும்போது பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அவர்கள் கவனமாகப் பார்க்கிறார்கள். இதை எனக்கு மிகத் தெளிவாகப் புரியவைத்தது கேரளத்தில் நடந்த ஒரு சம்பவம். சட்டம் படித்தவர்களுக்கு 'பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு' என்ற பெயரில் அது தெரியும். வழக்காக மட்டும் பார்க்காமல் ஒரு பள்ளியில் நடந்த விஷயமாக அதைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கோட்டயம் மாவட்டத்தில் கிடங்கூர். அங்கே உள்ள உயர்நிலைப் பள்ளியில் ஒரே வீட்டைச் சேர்ந்த மூன்று பேர் படித்தார்கள். அண்ணன் பத்தாம் வகுப்பு, தங்கைகளில் ஒருத்தி ஒன்பது, இன்னொருத்தி ஐந்து. குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தது. அந்தப் பிரிவினர் தங்கள் கடவுளைத் தவிர வேறு எதற்கும் வணக்கம் செலுத்தும் சடங்கில் கலந்துகொள்ளக்கூடாது என்று நம்புகிறவர்கள். எந்த நாட்டில் இருந்தாலும் இதே நிலைப்பாடுதான். ஹிட்லரின் ஜெர்மனியில் கை உயர்த்த மறுத்து, வதை முகாம்களில் ஊதா முக்கோணம் தைத்த உடையோடு அடைபட்டவர்கள் இவர்கள். இந்தப் பிள்ளைகள் காலைக் கூட்டத்துக்குத் தினமும் வந்தார்கள். 'ஜன கண மன' தொடங்கியதும் மற்றவர்களைப் போலவே நேராக நிமிர்ந்து நின்றார்கள். வாய் திறந்து பாடவில்லை, அவ்வளவுதான்.

இது புதிதாக முளைத்த விஷயமும் இல்லை. இவர்களுக்கு முன்னால் இவர்களுடைய அக்காக்கள் அதே பள்ளியில் இதே மாதிரி நின்றிருக்கிறார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை, யாரும் கவலைப்படவில்லை, யாருக்கும் அது அவமரியாதையாகத் தோன்றவில்லை என்று தீர்ப்பின் தொடக்கப் பத்திகளிலேயே நீதிபதி எழுதுகிறார். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வருடக்கணக்காக அந்தப் பள்ளி ஒரு விஷயத்தைச் சரியாகக் கையாண்டுகொண்டிருந்தது. சட்டப்பிரிவு பார்த்தோ அறிவுரை கேட்டோ செய்யவில்லை. ஆசிரியர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியும், அவர்கள் வீட்டைத் தெரியும். பக்கத்தில் நின்று பாடிய பிள்ளைகளும், பாடாத ஒருத்தி தங்களோடு சேர்ந்துதான் படிக்கிறாள், அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதைத் தினமும் பார்த்தார்கள். நல்ல குடிமைக் கல்வி என்று எதையாவது சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். யாரும் அதற்குத் திட்டம் போடவில்லை, பெயர் வைக்கவும் இல்லை.

1985 ஜூலையில் கேரளச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அந்தக் காலைக் கூட்டத்துக்கு வந்தார். பிள்ளைகள் பாடாததைக் கவனித்தார். அது நாட்டுப்பற்று இல்லாத செயல் என்று அவருக்குப் பட்டது. சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். அந்தப் பிள்ளைகள் சட்டத்தை மதித்து நடப்பவர்கள், தேசிய கீதத்துக்கு எந்த அவமரியாதையும் செய்யவில்லை என்று குழு அறிக்கை கொடுத்ததாக உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. வேறு யாரும் அவமரியாதை நடந்ததாகக் குற்றம் சாட்டவும் இல்லை. சரி, அத்தோடு முடிந்திருக்க வேண்டும் இல்லையா? முடியவில்லை. துணைக் கல்வி ஆய்வாளர் உத்தரவு போட, ஜூலை 26 முதல் மூன்று பேரையும் தலைமையாசிரியை பள்ளியிலிருந்து நீக்கினார்.

அப்பா விண்ணப்பம் கொடுத்தார். அரசு முடிவெடுக்கும்வரைக்குமாவது பிள்ளைகள் வகுப்பில் உட்காரட்டும் என்று கேட்டார். தலைமையாசிரியை தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். தீர்ப்பில் ஒரே ஒரு வாக்கியமாக வந்துபோகும் இந்த இயலாமைதான் முழு வழக்கிலும் என்னை அதிகம் தொந்தரவு செய்யும் இடம். அந்த அம்மையாரை நான் குறை சொல்ல வரவில்லை. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால் ஒரு தலைமையாசிரியருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது எங்களைப் போன்றவர்களுக்கு நன்றாகவே தெரியும். விளக்கம் கேட்பு நோட்டீஸ், இடமாற்றம், ஊதிய உயர்வு நிறுத்தம் எல்லாம் ஒரு கையெழுத்துத் தூரத்தில் இருக்கும். ஆனால் நடந்ததை வரிசைப்படுத்திப் பாருங்கள். பிள்ளைகளைத் தினமும் பார்த்தவர்கள் ஆசிரியர்கள், அவர்களிடம் யாரும் முடிவைக் கேட்கவில்லை. விசாரித்தது ஒரு குழு, அது சொன்னதையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனவரின் கோபம் மட்டும் சட்டமன்றம், கல்வித்துறை, ஆய்வாளர் என்று இறங்கி வந்து பள்ளி வாசலில் உத்தரவாக நின்றது. அன்றைக்கு வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகள் கற்றுக்கொண்டது இதைத்தான்: உண்மை தெரிந்தவர்கள் பேச மாட்டார்கள், அதிகாரம் உள்ளவர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால் போதும். இந்தப் பாடம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

கேரள உயர் நீதிமன்றத்தில் முதலில் தனி நீதிபதி, அப்புறம் இரு நீதிபதிகள் அமர்வு, இரண்டு இடத்திலும் பிள்ளைகள் தோற்றார்கள். தேசிய கீதத்தில் யாருடைய மத உணர்வையும் புண்படுத்தும் சொல்லோ கருத்தோ ஒன்றும் இல்லையே என்று அந்த நீதிமன்றம் பார்த்தது. உண்மைதான், இல்லை. ஆனால் கேள்வியே அது இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவரின் நம்பிக்கை நமக்கு நியாயமாகப் படுகிறதா என்பதை நீதிமன்றம் பார்க்கக்கூடாது, அந்த நம்பிக்கையை அவர் மனச்சாட்சியோடு உண்மையாகக் கொண்டிருக்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தில் பிள்ளைகளுக்காக வாதாடியவர் ஃபாலி நாரிமன். நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும். தீர்ப்பு வந்த நாள் 1986 ஆகஸ்ட் 11. சின்னப்ப ரெட்டி கேட்ட கேள்வி மிக எளிமையானது: இவர்கள் எந்தச் சட்டத்தை மீறினார்கள்? அரசிடம் பதில் இல்லை. தேசிய சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, ஆனால் அதன் 3ஆம் பிரிவு, பாடுவதை வேண்டுமென்றே தடுத்தால், அல்லது பாடிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் குழப்பம் விளைவித்தால்தான் குற்றம் என்கிறது. சும்மா நிற்பது அதில் வராது. அரசியலமைப்பின் 51ஏ பிரிவு தேசிய கீதத்தை மதிக்க வேண்டும் என்கிறது, எழுந்து நின்றாலே அந்த மதிப்பைக் கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தவை 1961லும் 1970லும் பொதுக் கல்வி இயக்குநர் அலுவலகத்திலிருந்து போன இரண்டு சுற்றறிக்கைகள். இரண்டாவது சுற்றறிக்கை, எல்லாப் பள்ளிகளிலும் தினமும் வகுப்பு தொடங்கும் முன் காலைக் கூட்டம் கட்டாயம் நடக்க வேண்டும், மாணவர்களும் ஆசிரியர்களும் எல்லோரும் கூட வேண்டும், தேசிய கீதம் பாடி முடித்ததும் பள்ளி முழுவதும் ஒரே குரலில் உறுதிமொழி எடுத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும் என்றது. நல்ல நோக்கத்தோடு எழுதியதுதான். ஆனால் சுற்றறிக்கை சட்டம் ஆகாது. பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு விதிக்க வேண்டுமானால் அரசியலமைப்பின் 19(2) பிரிவு சட்டம் வேண்டும் என்கிறது. மனச்சாட்சிச் சுதந்திரம் தரும் 25ஆம் பிரிவையும் ஒரு துறைக் கடிதத்தால் மூடிவிட முடியாது.

பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், தடையில்லாமல் படிக்க வேண்டிய வசதியைச் செய்துகொடுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. மிகச் சிறிய ஒரு சிறுபான்மையும் இந்த நாட்டின் அரசியலமைப்பின் கீழ்த் தன் அடையாளத்தைக் கண்டுகொள்ள முடிகிறதா என்பதுதான் உண்மையான ஜனநாயகத்துக்குச் சோதனை என்று எழுதியது. நம் மரபு சகிப்புத்தன்மையைக் கற்பிக்கிறது, நம் தத்துவம் அதைப் போதிக்கிறது, நம் அரசியலமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதில் நீர் கலக்க வேண்டாம் என்று முடித்தது. இந்தக் கடைசி வரிகளைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிட அந்த 'எந்தச் சட்டம்?' என்ற கேள்விதான் பெரிது. ஏனென்றால் அந்தக் கேள்வியை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையும் கேட்கலாம். ஒரு தலைமையாசிரியரும் கேட்கலாம்.

இந்தத் தீர்ப்பு அமெரிக்காவில் நடந்த ஒரு சண்டையையும் எடுத்துப் பேசுகிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. பென்சில்வேனியாவில் இதே பிரிவைச் சேர்ந்த கோபைட்டிஸ் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்ததற்காக 1935இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1940இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் நின்றது. தேச ஒற்றுமை பெரிது, அதை எப்படி வளர்ப்பது என்று பள்ளி நிர்வாகம் முடிவு செய்யட்டும் என்றது. அதற்குப் பிறகு நாடு முழுக்க அந்தப் பிரிவினர்மேல் தாக்குதல்கள் நடந்தன. மேற்கு வர்ஜீனியாவில் கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்கி, மறுக்கும் பிள்ளையை நீக்கி, நீக்கிய பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்று சொல்லி அப்பா அம்மாவுக்கு அபராதமும் சிறையும் விதிக்க வழி செய்தார்கள். வெளியே தள்ளிவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்பது எவ்வளவு கொடுமை, யோசித்துப் பாருங்கள். மூன்றே வருடத்தில், 1943 ஜூன் 14 அன்று, உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரத்தில், அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. அன்று அந்த நாட்டின் கொடி நாள். நீதிபதி ராபர்ட் ஜாக்சன் அந்தத் தீர்ப்பில் சொன்னதன் சாரம் இது: பள்ளிகள் இளம்பிள்ளைகளைக் குடிமக்களாக வளர்க்கின்றன என்பதாலேயே அங்கே தனிமனிதச் சுதந்திரங்களைக் கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டும். இல்லாவிட்டால் சுதந்திரமான மனத்தை ஊற்றிலேயே நெரித்துவிடுவோம், நம் அரசின் முக்கியமான கொள்கைகளெல்லாம் வெறும் பேச்சுதான் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிடுவோம்.

ஆசிரியர் பயிற்சியில் இந்தக் கருத்தை யாரும் எங்களுக்குச் சொல்லித்தந்ததில்லை. பள்ளி என்றால் ஒழுங்கு, அதனால் அங்கே உரிமைகள் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும் என்றுதான் நாங்கள் பழகியிருக்கிறோம். வளரும் வயது என்பதால் அங்கே கூடுதலாகக் காக்க வேண்டும் என்பது நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது.

நான் பாடம் எடுக்கும் பத்தாம் வகுப்பில் இந்த வழக்கைத் தீர்ப்பைச் சொல்லாமல் சொல்வது வழக்கம். நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு, நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதச் சொல்வேன். பெரும்பாலும் பாதிக்கு மேல் பிள்ளைகள் நீக்கியது சரி என்றுதான் எழுதுவார்கள். நான் அதைத் தப்பு என்று சொல்வதில்லை. எந்த விதிப்படி என்று மட்டும் கேட்பேன். உடனே பாடநூலைப் புரட்டுவார்கள். முதல் பக்கங்களில் தேசிய கீதம் இருக்கும், 'இந்தியா எனது நாடு, இந்தியர் அனைவரும் எனது உடன்பிறந்தவர்கள்' என்ற உறுதிமொழி இருக்கும், தீண்டாமை ஒரு பாவச்செயல் என்ற வரிகள் இருக்கும். விதி இருக்காது. அடிப்படை உரிமைகள் பாடத்துக்குப் போவார்கள், அங்கே 25ஆம் பிரிவு இருக்கும், அது இவர்கள் எழுதியதற்கு எதிராக நிற்கும். அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், அவங்க எந்திரிச்சு நின்னாங்கல்ல? எங்க வரிசையில பாதிப் பேரு பாடுறதே இல்ல, வாயை மட்டும்தான் அசைக்கிறோம்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நம்பிக்கையோடு வாய் மூடி நின்றவர்களையும் பயத்துக்கு வாய் அசைப்பவர்களையும் அவள் ஒரே வாக்கியத்தில் பிரித்துக் காட்டிவிட்டாள். தீர்ப்பைச் சொன்ன பிறகு அதே பெண் இன்னொன்றும் கேட்டாள்: "அந்த ஒரு வருசம் திரும்பக் கிடைச்சுதா சார்?"

1985 ஜூலை 26இலிருந்து 1986 ஆகஸ்ட் 11 வரை ஒரு வருடத்துக்கும் மேல். அண்ணனுக்கு அது எஸ்.எஸ்.எல்.சி. வருடம். நீதிமன்றம் உரிமையை நிலைநாட்டும், போன வகுப்பை நடத்தித் தராது. அதனால்தான் இந்த வழக்கை வெற்றிக் கதையாகச் சொல்லும்போது எனக்கு ஒரு தயக்கம் வரும். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரைக்கும் போய், நாட்டின் மிகச் சிறந்த வழக்கறிஞர்களில் ஒருவரை வைத்து, ஒரு பள்ளி முன்பே தானாகச் செய்துகொண்டிருந்த ஒரு விஷயத்தைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

சிலர் கேட்பார்கள், இப்படி ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு காரணம் சொன்னால் பள்ளியில் எதுதான் பொதுவாக மிஞ்சும் என்று. நியாயமான கேள்வி. பொதுவாகச் சேர்ந்து நின்று பாடும் அந்த ஒரு நிமிடத்துக்கு மதிப்பு இருக்கிறது, நான் அதை விரும்புகிறவன். சாதி பார்த்துத் தனித்தனியாக உட்காரும் ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று பாடுவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த வரிசையின் பலம், அதில் பாடாதவருக்கும் இடம் இருப்பதில்தான் இருக்கிறது. கிடங்கூரில் அந்தப் பிள்ளைகள் விலகிப் போகவில்லை, தாமதமாக வரவில்லை, மற்றவர் பாடுவதைக் கெடுக்கவில்லை. வந்து நின்றார்கள். எல்லையை எங்கே போடுவது என்பதை அந்த வழக்கு நன்றாகவே காட்டுகிறது: மற்றவரின் பாட்டைக் கெடுத்தால் தலையிடு, இல்லாவிட்டால் விடு.

இதே கேள்வி வேறு உருவத்தில் 2022இல் கர்நாடகத்திலிருந்து வந்தது. உடுப்பியில் தலைமுக்காடு அணிந்த மாணவிகளை வகுப்பில் விடவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, அக்டோபர் 13 அன்று இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். நீதிபதி சுதான்ஷு தூலியா மாணவிகளின் பக்கம் நின்றபோது அவர் முக்கியமாகப் பிடித்துக்கொண்டது இந்தக் கிடங்கூர் தீர்ப்பைத்தான். நீதிபதி ஹேமந்த் குப்தா இது வேறு, அது வேறு என்றார். அந்தச் சட்ட விவாதத்துக்குள் இங்கே போக வேண்டாம். ஆனால் அங்கேயும் பிள்ளைகள் வாசலில் நின்றார்கள், படிப்பு நின்றது, முடிவு கல்லூரிக்கு வெளியே எங்கோ நடந்துகொண்டிருந்தது. அது மட்டும் மாறவில்லை.

அரசியல் சூடு பள்ளிக்குள் வரும்போது ஆசிரியர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு மேற்கு ஜெர்மனிக்காரர்கள் 1976இல் ஒரு வழி கண்டார்கள். வலதும் இடதும் கல்விக்கொள்கைமேல் கடுமையாக மோதிக்கொண்டிருந்த காலம். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் பாய்ட்டல்ஸ்பாக் என்ற ஊரில் இரண்டு தரப்புக் கல்வியாளர்களும் உட்கார்ந்து பேசினார்கள், அதிலிருந்து மூன்று விஷயங்கள் திரண்டு வந்தன. ஆசிரியர் தன் கருத்தை மாணவன்மேல் ஏற்றி அவனை மூழ்கடிக்கக்கூடாது. சமூகத்தில் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வர வேண்டும். மாணவன் தன் நிலைமையைத் தானே அலசிப் பார்த்து அதில் தலையிடும் திறனைப் பெற வேண்டும். இன்றைக்கும் அங்கே ஆசிரியர்கள் இதைச் சொல்லிக்கொள்கிறார்கள். இதில் இரண்டாவதுதான் நமக்கு உடனடியாகத் தேவை. நம் பள்ளிகளில் சர்ச்சை என்றாலே வாயை மூடு என்பதுதான் நடைமுறை, அதைத்தான் நடுநிலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிடங்கூரில் அந்தச் சட்டமன்ற உறுப்பினர் கேள்வி எழுப்பிய வாரத்திலேயே யாராவது ஒரு ஆசிரியர் ஒன்பதாம் வகுப்பில், ஏன் இவர்கள் பாடவில்லை, பாட வேண்டுமா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் அந்த வகுப்பு அந்த வருடம் படித்த மிகச் சிறந்த குடிமையியல் பாடம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது அதே உத்தரவு ஒரு தலைமையாசிரியர் மேசைக்கு வந்தால் என்ன செய்யலாம் என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். முதலில், எழுத்துமூலமாகக் கேளுங்கள். தொலைபேசியில் வரும் உத்தரவுக்கு எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்பாதீர்கள். எந்தச் சட்டம், எந்த விதி, எந்த எண் என்று மரியாதையாகவே கேளுங்கள், கிடங்கூர் தீர்ப்பின் நகலைக் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள், பதில் வரும்வரை பிள்ளை வகுப்பில் இருக்கட்டும். பிள்ளைகளை நேரில் பார்த்தவர் நீங்கள், நீங்கள் பார்த்ததைக் கடிதத்தில் எழுதுங்கள். மேலதிகாரிக்குப் பணிந்து நடப்பதும் இதைச் செய்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை இல்லை.

அந்த மேசையில் இன்னொரு காகிதமும் இருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது என்கிறது. 2019இல் வந்த திருத்தம், தேர்ச்சி பெறாதவர்களை ஐந்திலும் எட்டிலும் அதே வகுப்பில் நிறுத்திவைக்க அரசுகளுக்கு அனுமதி கொடுத்தது, ஆனால் நீக்கக்கூடாது என்பதை அப்படியே விட்டுவைத்தது. கிடங்கூரில் ஐந்தாம் வகுப்பு படித்த அந்தக் கடைசித் தங்கையை இன்று யாராலும் அப்படி வெளியே அனுப்ப முடியாது. ஒன்பதில் இருந்த அக்காவுக்கும் பத்தில் இருந்த அண்ணனுக்கும் அந்தப் பாதுகாப்பு இன்னும் இல்லை, ஏனென்றால் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உரிமை என்றால் என்னவென்று நாங்கள் விரிவாகப் பாடம் நடத்தத் தொடங்குவது சரியாக அந்த வகுப்புகளில்தான். அந்தப் பிரிவைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டச் சொல்லி ஆசிரியர் அமைப்புகள் கேட்க வேண்டும். ஊதியக் கோரிக்கைகளோடு சேர்த்தே கேட்கலாம்.